நாய் முன்னே, இரட்டைக் குழல் பின்னே

மிஷிகன் மாநிலத்தின் வடக்கே, சுப்பீரியர் ஏரிக்கும் மிஷிகன் ஏரிக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மேல் தீபகற்பத்தில், செப்டம்பர் 15ஆம் தேதி கிரௌஸ் என்ற காட்டுப் பறவையின் வேட்டைப் பருவம் தொடங்குகிறது. நவம்பர் 14 வரை ஒரு கட்டம். மான் வேட்டைக்காரர்கள் காட்டை நிரப்பும் இரண்டு வாரங்கள் இடைவெளி. பிறகு டிசம்பர் முதல் தேதியிலிருந்து புத்தாண்டு நாள் வரை இன்னொரு கட்டம். இந்தப் பகுதியில் ஒருவர் ஒரு நாளில் ஐந்து கிரௌஸ் வரை எடுக்கலாம். வுட்காக் என்ற இன்னொரு பறவை என்றால் மூன்று. சட்டம் அனுமதிக்கும் இந்த எண்ணிக்கையை எட்டும் நாள்கள் என் போன்றவர்களுக்கு அரிது. காலை முதல் மாலை வரை நடந்துவிட்டு ஒரு பறவையோடு திரும்பினாலே அதை நல்ல நாள் என்று கொள்கிறோம்.

இந்த வேட்டையைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் துப்பாக்கியிலிருந்துதான் பேச்சு தொடங்குகிறது. நூறாண்டு பழைய இரட்டைக் குழல், அதன் வால்நட் மரக்கட்டையின் வரிகள், உலோகத்தில் செதுக்கிய கொடிகள் என்று பேசிக்கொண்டே இருக்கலாம்; எனக்கும் அதில் ஆசை உண்டு. ஆனால் பல இலையுதிர் காலங்கள் இந்தக் காட்டில் நடந்த பிறகு எனக்கு உறுதியாகத் தெரிவது, இந்த வேட்டை நாயினுடையது என்பதே. எங்கே போக வேண்டும், எப்போது நிற்க வேண்டும், எது உயிருள்ள வாசனை, எது அரை மணி நேரத்துக்கு முன் நடந்துபோன பறவையின் மிச்சம் என்பதையெல்லாம் நாய் தீர்மானிக்கிறது. துப்பாக்கிக்காரன் அந்தத் தீர்மானத்தைப் பின்தொடர்கிறான். பழைய துப்பாக்கி இந்த வேட்டைக்குப் பொருந்துவதும் நாய் செய்யும் வேலைக்கு அது பொருந்துவதால்தான்.

முதலில் பறவைகள். ரஃப்ட் கிரௌஸ் நம் கௌதாரியைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு எடையுள்ள காட்டுப் பறவை. உதிர்ந்த இலைகளின் பழுப்பும் சாம்பலும் கலந்த உடல், விரியும் வால், வாலின் நுனியருகே ஒரு கரும்பட்டை, கழுத்தின் இருபுறமும் கறுத்த இறகுக் கற்றை. பென்சில்வேனியா மாநிலம் 1931இல் இதைத் தன் மாநிலப் பறவையாக ஏற்றது. இலையுதிர் காலத்தில் அதன் விரல்களின் ஓரங்களில் சிறு முட்கள் முளைத்து, பனியின் மேல் புதையாமல் நடக்க உதவுகின்றன. பனி ஆழமாகவும் மென்மையாகவும் விழுந்துவிட்டால் பறந்து வந்து அதற்குள்ளேயே பாய்ந்து, உள்ளேயே இரவைக் கழிக்கும். வசந்தத்தில் ஆண் பறவை விழுந்த மரத்தின் மேல் நின்று இறக்கைகளால் காற்றை அடித்து முழங்கும். மெதுவாகத் தொடங்கி வேகமெடுக்கும் அந்த முழக்கம், காதில் விழுவதற்கு முன்பே நெஞ்சில் உணரப்படும் அளவுக்குத் தாழ்ந்த ஒலி.

வுட்காக் முற்றிலும் வேறு வகை. உள்ளான் குடும்பத்தைச் சேர்ந்த இது கரையை விட்டுக் காட்டுக்குள் குடியேறிய பறவை. ஈர மண்ணுக்குள் நீண்ட அலகைச் செருகி, வளையக்கூடிய அதன் மேல்நுனியால் மண்புழுவைப் பற்றி இழுக்கும். கண்கள் தலையின் பின்பக்கமாகத் தள்ளி அமைந்திருப்பதால், அலகு மண்ணுக்குள் இருக்கும்போதும் சுற்றிலும் பார்க்கும். அக்டோபரில் நிலம் உறையத் தொடங்கியதும் தெற்கே லூசியானா வரையிலும் வலசை போகும். நேற்று ஒன்றுமில்லாத ஆல்டர் புதர்களில் இன்று எங்கும் அதன் வெள்ளை எச்சம் தெறித்திருந்தால், இரவில் வடக்கிலிருந்து ஒரு கூட்டம் இறங்கியிருக்கிறது என்று பொருள்.

இரண்டு பறவைகளும் நாயிடம் நடந்துகொள்ளும் விதம் வேறு, அந்த வேறுபாட்டில்தான் நாயின் கல்வி முழுவதும் அடங்கியிருக்கிறது. வுட்காக் தன் நிறத்தை நம்பி அசையாமல் படுத்திருக்கும். நாய் சில அடி தொலைவில் நின்றாலும் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். கிரௌஸ் அப்படியல்ல, நாயின் காலடியைக் கேட்டதும் நடக்கத் தொடங்கி, ஒரு அடி அதிகம் நெருங்கினாலும் இடிபோல் எழுந்து மரங்களுக்குப் பின்னால் மறைந்துவிடும். ஆகவே இளநாய் வுட்காக்கிடம் நிற்கக் கற்று, கிரௌஸிடம் தொலைவைக் கற்கிறது. வாசனை மெலிதாக வந்த அந்த இடத்திலேயே, இன்னும் நெருங்கிப் பார்க்கலாம் என்ற ஆசையை அடக்கிக்கொண்டு நிற்கும் நாய்தான் கிரௌஸ் நாய். இதை மனிதன் சொல்லிக்கொடுக்க முடியாது. எழுந்துபோன ஒவ்வொரு பறவையும்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

என்னுடைய நாய் ஆங்கில செட்டர் இனம். வெள்ளை உடலில் செம்மஞ்சள் புள்ளிகள் சிதறியிருப்பதால் செம்பி என்று பெயர் வைத்தோம். துப்பாக்கி பரவலாவதற்கு முன்பே, வலைவீசிப் பறவை பிடித்த காலத்திலேயே இங்கிலாந்தில் இந்த வகை நாய்கள் இருந்தன. பறவையைக் கண்டதும் நாய் தரையோடு தரையாகப் பதுங்கிவிடும். வேட்டைக்காரர்கள் வலையை நாயின் மேலாகவே இழுத்துப் பறவைகளை மூடுவார்கள். இன்று நாம் பார்க்கும் செட்டரை வடித்தெடுத்ததில் எட்வர்ட் லாவராக் பெயர் முதன்மையானது. அவர் 1825இல் பான்டோ, ஓல்ட் மால் என்ற இரண்டு நாய்களைப் பெற்று, அவற்றின் வழியில் அரை நூற்றாண்டுக் காலம் ஒரு குலத்தைப் பேணினார். அவருக்குப் பின் பர்செல் லுவெலின் வேறு வழிகளைக் கலந்து வளர்த்த நாய்கள் 1870களில் அமெரிக்காவுக்கு வந்தன. வடக்குக் காடுகளில் ஓடும் செட்டர்களின் மரபில் அந்த இரண்டு வழிகளும் இன்றும் தொடர்கின்றன.

செம்பியின் கழுத்தில் ஒரு சிறிய பித்தளை மணி தொங்குகிறது. ஜிபிஎஸ் பட்டைகளும் மின்னணு ஒலிப்பான்களும் வந்துவிட்டன; காணாமல்போன நாயைத் தேட அவை பெரும் உதவி, ஆகையால் நானும் ஒரு ஜிபிஎஸ் பட்டையைக் கட்டித்தான் அனுப்புகிறேன். ஆனாலும் வேட்டையை நடத்துவது மணிதான். மேய்ச்சலுக்குப் போன மாட்டின் கழுத்து மணியை வைத்தே அது மேய்கிறதா ஓடுகிறதா என்று ஊரில் பெரியவர்கள் சொல்வதுபோல், செம்பி எந்த வேகத்தில் போகிறாள், எப்போது மூக்கைத் தூக்கிக் காற்றை வாங்குகிறாள், எப்போது தயங்குகிறாள் என்பதை மணியோசை சொல்லிவிடும். அது முழுதாக நின்றால் அவள் பறவையின் முன் நிற்கிறாள். இதைத்தான் பாயின்ட் என்கிறார்கள்: உடல் விறைத்து, வால் உயர்ந்து, சில சமயம் ஒரு முன்னங்கால் தூக்கியபடியே, வாசனை வரும் திசையை நோக்கி உறைந்த நிலை. மணி நின்ற இடத்தை நினைவில் வைத்து, முள்ளையும் விழுந்த மரங்களையும் தாண்டி அவளிடம் போய்ச் சேர்வது நம் வேலை. அவளுக்குப் பின்னாலிருந்து நேராக நெருங்கக் கூடாது. பக்கவாட்டில் சுற்றிப் போய்ப் பறவையை நடுவில் வைக்க வேண்டும். அப்போதுதான் அது நடந்து நழுவாமல் எழும்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். நல்ல வாசனை நாள் என்பது சற்றே ஈரமான, குளிர்ந்த, மெல்லிய காற்று ஒரே திசையில் வீசும் நாள். செப்டம்பரின் வறண்ட வெயிலில், கீழே பிராக்கன் பெரணியும் மேலே உதிராத இலையும் அடர்ந்திருக்கையில், மிகச் சிறந்த நாயும் பறவையைத் தாண்டிப் போய்விடும். அதனால்தான் பருவம் தொடங்கியவுடன் ஓடாமல், ஆஸ்பென் இலைகள் மஞ்சளாகி உதிரத் தொடங்கும் அக்டோபர் நடுப்பகுதிக்காக நான் காத்திருக்கிறேன்.

இப்போது துப்பாக்கிக்கு வரலாம். பாயின்டில் நிற்கும் நாயின் முன் எழும் கிரௌஸ் பெரும்பாலும் இருபது மீட்டருக்குள்தான் எழும். கண்ணுக்குத் தெரியும் நேரம் ஒன்றிரண்டு நொடி. அதற்குள் துப்பாக்கி தோளுக்கு வந்துவிட வேண்டும். நாள் முழுவதும் கையிலேயே சுமக்க வேண்டியது என்பதால் எடை குறைவாக இருக்க வேண்டும். இரண்டு தோட்டாவுக்கு மேல் சுட நேரமே கிடைக்காது. ஒருநூற்றாண்டுக்கு முன் அமெரிக்கப் பட்டறைகளில் செய்த சிறிய இரட்டைக் குழல் துப்பாக்கி இந்தத் தேவைகளையெல்லாம் அப்படியே நிறைவேற்றுகிறது.

என்னிடம் இருப்பது பிலடெல்ஃபியாவில் ஏ.எச். ஃபாக்ஸ் நிறுவனம் செய்த ஸ்டெர்லிங்வொர்த்; குழலின் அளவு 16 கேஜ். ஆன்ஸ்லி ஃபாக்ஸ் 1905இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் துப்பாக்கி ஒன்றைத்தான் முன்னாள் அமெரிக்க அதிபர் தியோடோர் ரூஸ்வெல்ட் 1909இல் ஆப்பிரிக்க வேட்டைப் பயணத்துக்குக் கொண்டுபோனார். ஸ்டெர்லிங்வொர்த் அவர்களுடைய மலிவு வரிசை. செதுக்கு வேலை இல்லை, ஆனால் உள்ளே இருக்கும் இயந்திரம் விலை உயர்ந்தவற்றில் இருப்பதேதான். தோட்டாவை அடிக்கும் சுத்தியலும் ஊசியும் ஒரே துண்டாகவும், விசைக்குச் சுருள்வில்லும் வைத்து, நகரும் உறுப்புகளை மிகச் சிலவாகக் குறைத்திருந்தார்கள். அதனாலேயே உடைவது குறைவு. கனெடிகட்டின் மெரிடன் நகரில் உருவான பார்க்கர் துப்பாக்கிக்குத்தான் சேகரிப்பவர்களிடையே மதிப்பு அதிகம்; ஏறத்தாழ 2,42,000 பார்க்கர்கள் செய்யப்பட்டன. அழகில் அதற்கு இணை இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மழையிலும் முள்ளிலும் தினமும் எடுத்துப்போக ஃபாக்ஸையே தேர்ந்தெடுப்பேன்.

இந்தப் பட்டறைகள் மறைந்ததற்குக் காரணம் தரக்குறைவு அல்ல. ஒவ்வொரு குழலையும் உடற்பகுதியோடு புகைக்கரி தடவித் தேய்த்துத் தேய்த்துக் கையால் பொருத்திய வேலையின் கூலியை, இயந்திரத்தில் கடைந்தெடுத்த, முன்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் பம்ப் துப்பாக்கியின் விலையோடு போட்டியிட வைக்க முடியவில்லை. 1912இல் வந்த வின்செஸ்டர் மாடல் 12 போன்றவை ஒரே குழலில், குறைந்த விலையில், அதிகத் தோட்டாக்களைக் கொடுத்தன. 1930களின் பொருளாதாரப் பெருமந்தம் மிச்சத்தையும் முடித்தது. ஃபாக்ஸை 1929இல் சாவேஜ் வாங்கியது. பார்க்கரை 1934இல் ரெமிங்டன் வாங்கியது.

16 கேஜ் என்றால், குழலின் உள்விட்டத்துக்குச் சரியாகப் பொருந்தும் ஈய உருண்டைகள் பதினாறு சேர்ந்தால் ஒரு பவுண்டு. நம்மூரில் 12 போர் என்று சொல்வதும் இதே கணக்கு. ஒரு பவுண்டுக்குப் பதினாறு அவுன்ஸ் என்பதால், இந்தக் குழலுக்கு ஓர் அவுன்ஸ் ரவை, அதாவது தோட்டாவுக்குள் இருக்கும் சிறு உலோகக் குண்டுகள், இயல்பான அளவு. கிரௌஸுக்கு அதற்கு மேல் தேவையே இல்லை. என் துப்பாக்கிக்கு இரண்டு விசைகள் உண்டு. முன்விசை வலக்குழலுக்கு, அது ரவையை அகலமாக விரித்து அனுப்பும். பின்விசை இடக்குழலுக்கு, அது சற்று நெருக்கமாக அனுப்பும். அருகில் எழுந்த வுட்காக்குக்கு முன்விசை, தப்பி ஓடும் கிரௌஸுக்குப் பின்விசை என்று தேர்வு விரலிலேயே முடிந்துவிடுகிறது.

பழைய துப்பாக்கியை வாங்கிச் சுடுவதில் ஆபத்துகள் உண்டு, அவற்றைப் பூசி மெழுகக் கூடாது. அந்தக் காலத்து 16 கேஜ் தோட்டாவின் நீளம் 2 9/16 அங்குலம். இன்று கடையில் கிடைப்பது 2 3/4 அங்குலம். நீளமான தோட்டா, குழலின் அடியில் தோட்டா அமரும் குட்டையான அறைக்குள் சிரமமின்றி நுழைந்துவிடும். ஆனால் வெடிக்கும்போது அதன் மடிந்த வாய் விரிய இடமில்லாமல், குழல் குறுகும் பகுதிக்குள் திறப்பதால் அழுத்தம் ஏறும். இரும்பையும் எஃகையும் நாடாக்களாக முறுக்கி, காய்ச்சி அடித்து ஒட்டிச் செய்த டமாஸ்கஸ் குழல்களில் இன்னும் கவனம் வேண்டும். கரிமருந்துக் காலத்து அந்தக் குழல்களின் உட்புறத் துருவும் சுவரின் தடிமனும் கண்ணுக்குத் தெரிவதில்லை. பிரிட்டனில் விற்பனைக்கு வரும் ஒவ்வொரு குழலும் லண்டன், பர்மிங்காம் போன்ற அங்கீகரிக்கப்பட்ட சோதனைச்சாலை ஒன்றில் அதிக அழுத்தத்தில் வெடித்துப் பார்க்கப்பட்டு முத்திரை பெற வேண்டும். அமெரிக்காவில் அத்தகைய கட்டாயம் இல்லை. எனவே அனுபவமுள்ள கைவினைஞரிடம் அறையின் நீளம், சுவரின் தடிமன் இரண்டையும் அளந்து வாங்காமல் ஒரு தோட்டாகூடப் போடக் கூடாது. இரும்பு ரவையும் இந்த மென்மையான, இறுக்கமான குழல்களுக்கு ஆகாது. ஈயத்தை விரும்பாதவர்களுக்கு பிஸ்மத் ரவை இருக்கிறது. விலை அதிகம், ஆனால் நான் அதற்கு மாறிவிட்டேன். ஈய ரவை மண்ணில் கிடந்து வேறு பறவைகளின் வயிற்றுக்குள் போவதை நினைத்தால் அந்த விலை பெரிதாகத் தெரியவில்லை.

பறவையைச் சுடாமல் நாயோடு நடந்தால் போதாதா என்று ஊரிலிருந்து பேசும் உறவினர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வளர்ந்தவர்களுக்கு வேட்டை என்றாலே குற்றம். நீலகிரியில் 1879இலேயே வேட்டைக்கும் மீன்பிடிப்புக்கும் தனிச் சட்டம் இருந்ததும், யூரேசிய வுட்காக் குளிர்காலத்தில் அங்குள்ள சோலைகளுக்கு வந்து தங்குவதும் பலருக்குத் தெரியாது. அங்கே தடை வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

மிஷிகனும் அழிவைப் பார்த்த நிலம்தான். 1878இல் பெட்டோஸ்கி அருகே கூடுகட்டிய பயணிப் புறாக்களைச் சந்தைக்காகக் கொன்று குவித்தார்கள். 1914இல் சின்சினாட்டி விலங்கியல் பூங்காவில் கடைசிப் பறவையும் இறந்தது. வனவிலங்கு வணிகத்தைக் கட்டுப்படுத்திய 1900இன் லேசி சட்டம், 1918இன் வலசைப் பறவைச் சட்டம் எல்லாம் இத்தகைய இழப்புகளுக்குப் பிறகு வந்தவை. இன்று வேட்டையாடிய காட்டுப் பறவையின் இறைச்சியை விற்க முடியாது, நாளளவை மீற முடியாது. நாயோடு வெறுமனே நடக்கும் நாள்களும் எங்களுக்கு உண்டு. ஆனால் செம்பி தன் உடலின் ஒவ்வொரு நரம்பாலும் தேடிக் கண்டுபிடித்து நிறுத்திவைத்த பறவையை எடுத்து, அவள் வாயால் கொண்டுவந்து கையில் தரும்போது, அவளுடைய வேலை முழுமை பெறுகிறது. அடிபட்டு விழுந்த பறவை பெரணிக்குள் ஒளிந்துகொண்டால் மனிதக் கண்ணுக்கு அது கிடைக்காது. நாய் இல்லாமல் இந்தப் பறவைகளைச் சுடுவதை நான் ஏற்க மாட்டேன்.

கொன்றதை வீணாக்காமல் உண்பதும் அறிவதும் கடமை. கிரௌஸின் நெஞ்சு இறைச்சி வெளிர் நிறம். வுட்காக்கில் நெஞ்சு கருமையாகவும் கால் வெளுப்பாகவும் இருக்கும். கிரௌஸின் கால்களும் எலும்பும் எங்கள் வீட்டில் மிளகு ரசத்துக்குப் போகின்றன. சமைப்பதற்கு முன் கழுத்தடியில் உள்ள தீனிப்பையைத் திறந்து பார்ப்பது வழக்கம்: க்ளோவர் இலை, ஹாதார்ன் பழம், ஹேசல் பூங்கொத்து, ஆஸ்பென் மொட்டு என்று உள்ளே இருப்பதைப் பொறுத்து மறுநாள் எந்தப் புதருக்குப் போவது என்று முடிவு செய்யலாம். வுட்காக்கின் ஓர் இறக்கையை உறையில் இட்டுக் கூட்டாட்சி வனவிலங்குத் துறைக்கு அனுப்பும் ஏற்பாடும் இருக்கிறது. அதன் இறகுகளைப் பார்த்து ஆணா பெண்ணா, இவ்வாண்டுக் குஞ்சா என்று பிரித்து, இனப்பெருக்கம் எப்படி இருந்தது என்று கணிக்கிறார்கள். வசந்தத்தில் மிஷிகனின் தன்னார்வலர்கள் இதே வகை நாய்களைக் கொண்டு வுட்காக் குஞ்சுகளைக் கண்டுபிடித்து, காலில் வளையமிட்டு விடுகிறார்கள். துப்பாக்கி இல்லாத அந்த வேலையிலும் நாயின் மூக்குதான் முன்னே போகிறது.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது காடு, அதுவும் இளங்காடு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிருந்த வெள்ளைப் பைன் காடுகளை வெட்டித் தீர்த்து, மிச்சத்தைத் தீ தின்ற பிறகு முளைத்தது ஆஸ்பென். வெட்டினால் அதன் வேர்களிலிருந்தே ஆயிரக்கணக்கான கன்றுகள் கிளம்பும், ஆனால் முழு வெயில் வேண்டும். நெருக்கமாக நிற்கும் அந்த இளங்கன்றுகளுக்குள் பருந்தும் ஆந்தையும் நுழைய முடியாததால் கிரௌஸ் அங்கே பிழைக்கிறது. குளிர்காலத்தில் முதிர்ந்த ஆண் ஆஸ்பெனின் பூமொட்டுகளை உண்கிறது. மினசோட்டாவின் க்ளோகே வன ஆய்வு மையத்தில் கார்டன் கல்லியன் பல பத்தாண்டுகள் ஆய்ந்து காட்டியது இதைத்தான்: வெவ்வேறு வயதுள்ள ஆஸ்பென் சிறு சிறு துண்டுகளாக அருகருகே இருக்க வேண்டும். எனவே அளவோடு வெட்டுவதே இந்தப் பறவைக்குப் பாதுகாப்பு. காடு முதிர்ந்தும் மறைந்தும்போன இண்டியானாவில் ரஃப்ட் கிரௌஸ் 2020இல் மாநில அளவில் அருகிவரும் இனமாக அறிவிக்கப்பட்டது. கொசு பரப்பும் வெஸ்ட் நைல் வைரஸும் கிழக்கு மாநிலங்களில் இதை வாட்டுகிறது. நல்ல இளங்காடு உள்ள இடங்களில் எண்ணிக்கை மீண்டெழ வாய்ப்பு அதிகம்.

1937ஆம் ஆண்டின் பிட்மன்–ராபர்ட்சன் சட்டப்படி, புதிய நெடுந்துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும் விதிக்கப்படும் 11 விழுக்காடு வரி வனவிலங்குப் பணிகளுக்குச் செல்கிறது. கைமாறும் பழைய துப்பாக்கிக்கு அந்த வரி கிடையாது. ஆகவே பழைய ஃபாக்ஸோ பார்க்கரோ வாங்குகிறவர்கள், 1961இல் தொடங்கிய ரஃப்ட் கிரௌஸ் சொசைட்டி போன்ற, இளங்காட்டுக்காக உழைக்கும் அமைப்புக்கு அதே அளவு தொகையைத் தாமாகவே கொடுக்க வேண்டும் என்று நான் வற்புறுத்திச் சொல்கிறேன்.

இந்த வேட்டையைத் தொடங்க விரும்பி, எந்தத் துப்பாக்கி வாங்கலாம் என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் சொல்வது இது. துப்பாக்கியை இப்போது வாங்க வேண்டாம். 1960இலோ அதற்குப் பின்னோ பிறந்தவர் என்றால் மாநிலம் கட்டாயமாக்கியுள்ள வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடியுங்கள். காட்டில் பறவை தேடி ஓடிய பெற்றோரின் குட்டி ஒன்றை வாங்கி, இரண்டு இலையுதிர் காலங்கள் ஆஸ்பென் காட்டில் அதனோடு நடந்து, எத்தனை பறவைகளை முடியுமோ அத்தனையைக் காட்டுங்கள். பையில் ஒரு குறடு வைத்திருங்கள், ஏனென்றால் முள்ளம்பன்றி என்றாவது குறுக்கே வரும், நாயின் முகத்தில் குத்திய முட்களைப் பிடுங்க வேண்டியிருக்கும். ஆரஞ்சு மேலாடை இல்லாமல் காட்டுக்குள் நுழையாதீர்கள். குட்டி தானாக நின்று, உங்களுக்காகக் காத்திருக்கத் தொடங்கிய பிறகு துப்பாக்கிக் கடைக்குப் போகலாம்.